ஏழடி நாலங்குலப் பையனும் ஒரு வருடமும்

2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் பர்டியூ பல்கலைக்கழகம் தோற்றுப்போனது. அதுவும் ஃபேர்லி டிக்கின்சன் என்று எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத ஒரு கல்லூரியிடம், 63-58. தரவரிசையில் முதலிடத்து அணி பதினாறாம் இடத்து அணியிடம் தோற்பது ஆண்கள் போட்டியில் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் நடந்திருந்தது, 2018இல் வர்ஜீனியாவுக்கு. ஃபேர்லி டிக்கின்சனின் குட்டை ஆட்டக்காரர்கள் பர்டியூவின் ஜாக் ஈடியை முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று சூழ்ந்துகொண்டு நின்றார்கள், கடைசி நிமிடங்களில் பந்து அவர் கைக்கு வரவேயில்லை. ஏழடி நாலங்குலம் உயரமுள்ள ஒரு மனிதன் கையை மேலே தூக்கிக்கொண்டு பந்துக்காக நிற்பதையும் பந்து வராததையும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணவர் பர்டியூவில் எம்.எஸ். படித்தவர். ரிமோட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார். மகன் அவர் பின்னாலேயே போனான். ஹாலில் நானும் என் மாமனாரும்தான்.

மாமனார் அந்தக் குளிர்காலத்தை எங்களோடு கழிக்க வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இந்தியானாவின் ஜனவரியில் வெளியே நடக்க முடியாது, டிவியில் தமிழ் சேனலும் அலுத்துப்போனது, அதனால் மகனோடும் பேரனோடும் உட்கார்ந்து கூடைப்பந்து பார்க்க ஆரம்பித்தார். முதல் வாரம் விதி கேட்டார், இரண்டாம் வாரம் நடுவரைத் திட்டினார், பிப்ரவரிக்குள் ஈடி அவருக்கு "நம்ம நெட்டைப் பையன்" ஆகிவிட்டார். அன்றைக்கு ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு கடலை உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பையன் இப்ப என்னம்மா பண்ணுவான்?" என்றார்.

"சம்பளம் குடுக்குற என்பிஏ லீகுக்குப் போயிடணும் மாமா. இனிமே இங்க இருக்கக் கூடாது" என்றேன்.

"படிப்பு?"

"இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு."

"அப்ப முடிச்சுட்டுப் போகட்டும்மா. ஒரு வருஷம்தானே."

ஒரு வருஷம்தானே. இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது, மாமனாரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான், ஆனாலும் பேசிவிட்டேன். "ஒரு வருஷம்னா சும்மாவா மாமா? யாரோட ஒரு வருஷம்?" என்று கேட்டேன். அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடாமல் இன்றுவரை கூடவே வருகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஏன் கோபம் வந்தது

நான் 2008இல் கல்யாணமாகி எச்-4 விசாவில் இங்கே வந்தவள். எச்-4 என்றால் என்ன என்று இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணவரின் விசாவில் தொங்கிக்கொண்டு வரும் விசா, அப்போது வேலை பார்க்கக் கூடாது. என்னுடைய பி.இ. சான்றிதழ் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில், அந்த ஃபைல் துணி அலமாரியின் மேல்தட்டில், வீடு மாறும்போதெல்லாம் அதுவும் மாறும். ஊரில் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை, "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ." அப்புறம் "இன்னும் ஒரு வருஷம்." 2015 மே மாதம்தான் எங்களைப் போன்றவர்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதி வந்தது. அந்த அட்டை தபாலில் வந்த அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏழு வருடம். நேர்காணலில் முதல் கேள்வியே இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்பதுதான். பொறுத்துக்கொள் என்று சொன்னவர்கள் யாரும் அந்த அறையில் என்னோடு உட்காரவில்லை. அவர்கள் மேல் குறை சொல்லவில்லை, அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் காத்திருக்கச் சொல்வது ஒருவர், காத்திருப்பது வேறொருவர் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

ஈடி கனடாக்காரர், டொராண்டோ. இங்கே எஃப்-1 மாணவர் விசாவில்தான் படித்தார். 2021 ஜூலை 1 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனது அல்லவா, அந்தப் பணம் அமெரிக்க மாணவர்களுக்குத்தான் சுலபம். எஃப்-1இல் இருப்பவர் இங்கே கேமரா முன் நின்று ஒரு கார் விளம்பரம் செய்தால் அது வேலை, வேலை செய்தால் விசாவுக்கு ஆபத்து. 2023இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று விருது வாங்கிய பையன், அவர் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் செய்யக்கூடிய விளம்பரத்தைச் செய்ய முடியாது. கென்டக்கியில் ஆடிய ஆஸ்கர் ஷீப்வேயும் இப்படித்தான். காங்கோவிலிருந்து வந்தவர், 2022இன் சிறந்த ஆட்டக்காரர். அவர் 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டு வந்தார், அமெரிக்க மண்ணில் செய்யக் கூடாது என்பதால். அந்தச் செய்தியைப் படித்தபோது அலமாரி மேல்தட்டு ஃபைல்தான் நினைவுக்கு வந்தது.

அதனால் அன்றைக்கு இரவு என் கணக்கு மிகச் சுலபமாக இருந்தது. இந்தப் பையன் உழைப்பில் அரங்கம் நிறைகிறது, டிக்கெட் விற்கிறது, பயிற்சியாளருக்குச் சம்பளம் வருகிறது. பையனுக்கு ஒன்றும் இல்லை. இதில் இன்னும் ஒரு வருடம் எதற்கு?

படிப்பு எங்கும் ஓடிப்போகாது

மறுநாள் காலை காபிக்கு மாமனார் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார், நேற்று ஒன்றும் நடக்காததுபோல. "அப்ப நீ சொல்லு, பாதியில விட்டுட்டுப் போனவங்கல்லாம் என்ன ஆனாங்க?" என்றார். தலைமையாசிரியர் கேட்கிற கேள்வி. நானும் விடவில்லை.

வின்ஸ் கார்ட்டரின் கதையைச் சொன்னேன். வட கரோலினாவில் மூன்று வருடம் படித்துவிட்டு 1998இல் என்பிஏவுக்குப் போனவர், ஆனால் கோடை விடுமுறைகளில் வந்து மிச்சப் பாடத்தை முடித்தார். பட்டமளிப்பு 2001 மே 20 காலையில் சேப்பல் ஹில்லில். அதே நாள் மாலை ஃபிலடெல்ஃபியாவில் அவருடைய டொராண்டோ அணிக்கு ஏழாவது ஆட்டம், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காலையில் அங்கியும் தொப்பியும் போட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு விமானத்தில் போய் மாலை ஆடினார். கடைசி நொடியில் அவர் போட்ட பந்து உள்ளே விழவில்லை, 88-87 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். கவனம் சிதறிவிட்டது, பட்டம் வாங்கப் போயிருக்கக் கூடாது என்று பேசினார்கள். மாமனார் டம்ளரை டக்கென்று வைத்தார். "பட்டம் வாங்கப் போனதுக்கா திட்டுனாங்க?" அவருக்கு உண்மையிலேயே வலித்தது. அன்று முழுக்க பேரனிடமும் போனில் ஊரிலிருக்கும் தம்பியிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷகீல் ஓ'நீல் மூன்று வருடத்தில் போய், 2000இல் பட்டத்தை வாங்கினார். ஸ்டெஃப் கறி டேவிட்சனில் மூன்று வருடம் ஆடிவிட்டு 2009இல் போனார், பட்டம் 2022இல். பட்டம் முடிக்காதவரின் எண்ணை அரங்கில் மாட்டுவதில்லை என்பது அந்தக் கல்லூரியின் வழக்கம். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் அதைத் தளர்த்தவில்லை, அவரும் கேட்டுப் பெறவில்லை, பதின்மூன்று வருடம் கழித்து மிச்சப் பாடத்தை எழுதி முடித்தார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. படிப்பு காத்திருக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முழங்கால் காத்திருக்காது.

காத்திருந்தவர்கள் கதையும் இருக்கிறது. ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாரெட் சல்லிஞ்சரை 2011 டிராஃப்டில், அதாவது என்பிஏ அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் தேர்வில், முதல் ஐந்தாறு இடங்களுக்குள் எடுப்பார்கள் என்று சொன்னார்கள். திரும்பி வருகிறேன் என்று தங்கினார். அந்த வருடத்தில் முதுகுப் பிரச்சினை தெரியவர, 2012இல் 21ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஸயன் வில்லியம்சன் 2019 பிப்ரவரியில் வட கரோலினாவுக்கு எதிராக ஆட ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஷூ பிய்ந்துபோய் முழங்கால் திருகிக்கொண்டது. அவரை முதல் ஆளாக எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், வயது விதி ஒன்றுதான் அவரை அந்தத் தரையில் நிறுத்தியிருந்தது. நல்லவேளையாகச் சுளுக்கோடு போயிற்று.

அந்த விதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதில் பழைய வருத்தம் உண்டு. முதலில் நான்கு வருட விதி இருந்தது, பள்ளி முடித்து நான்கு வருடம் ஆகாமல் என்பிஏவில் ஆட முடியாது. ஸ்பென்சர் ஹேவுட் அதை உடைத்தார். மிசிசிப்பியில் பருத்தி எடுத்த குடும்பம், அப்பா இல்லை, அம்மா பத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 1968 ஒலிம்பிக்கில் 19 வயதில் தங்கம் வென்றவரைப் பார்த்து உனக்கு இன்னும் நேரம் வரவில்லை என்றார்கள். சியாட்டில் அணியில் அவர் ஆடியபோது எதிரணி அரங்கங்களில் சட்டப்படி ஆடக்கூடாத ஒருவர் களத்தில் இருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், சனம் பாட்டில் எறிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1971இல் அவர் பக்கம் தீர்ப்பானது. குடும்பக் கஷ்டத்தைக் காட்டினால் முன்கூட்டியே போகலாம் என்று கதவு கொஞ்சம் திறந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் பின்னாடி எல்லோரும் போனார்கள். 1995இல் பள்ளியிலிருந்து நேராகக் கெவின் கார்னெட், அடுத்த வருடம் கோபி, 2003இல் லெப்ரான். 2005 ஒப்பந்தத்தில் மறுபடி பாதிக் கதவை மூடினார்கள், 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடம் கழிய வேண்டும். அந்த ஒரு வருடத்தைக் கல்லூரிகள் அறுவடை செய்தன.

எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். கார்லியோன் யங் என்று ஒரு பையன், பள்ளியிலிருந்து நேராக 1998இல் போனார். 40ஆவது ஆளாக எடுத்தார்கள். என்பிஏவில் மொத்தம் மூன்று ஆட்டம், அவ்வளவுதான். அவரிடம் அந்த வயதில் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார்களா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். டிம் டங்கன் வேறு மாதிரி. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, பட்டம் வாங்காமல் போவதில்லை என்று. வேக் ஃபாரஸ்டில் நான்கு வருடமும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கிவிட்டு 1997இல் முதல் ஆளாகப் போனார், ஐந்து கோப்பை. அம்மா அவருக்குப் பதினான்கு வயது ஆகுமுன்பே இறந்துபோனவர். அந்த வாக்கை நான் எந்தக் கணக்கிலும் வைக்க மாட்டேன், அது வேறு இடம்.

சம்பளக் கணக்கு

மாமனாருக்குப் பணக் கணக்கு சொல்லும்போதுதான் எனக்கே அது தெளிவானது. முதல் சுற்றில் எடுக்கும் 30 பேருக்குச் சம்பளம் இடத்தைப் பொறுத்து முன்கூட்டியே வகுத்த அட்டவணை, முதல் இரண்டு வருடம் உறுதி, கால் உடைந்தாலும் பணம் வரும். இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது. எடுக்கவே இல்லை என்றால் ஜி லீக் என்ற கீழ்நிலை லீக், இல்லாவிட்டால் துருக்கி, சீனா என்று பெட்டியைக் கட்ட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தது. பலர் கவனிக்காதது அதற்கு அடுத்தது. பெரிய பணம் முதல் ஒப்பந்தத்தில் இல்லை, இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் இருக்கிறது. அதிகபட்சச் சம்பளம் என்பதே அணியின் சம்பள வரம்பில் ஆறு வருட அனுபவம் வரை 25 சதவீதம், ஏழிலிருந்து ஒன்பது வரை 30, பத்திலிருந்து 35. அனுபவம் ஏற ஏறத்தான் படி உயரும். கல்லூரியில் கூடுதலாக இருக்கும் ஒரு வருடம் கழிவது ஆரம்பச் சம்பளத்திலிருந்து அல்ல, கடைசியில் முப்பத்திரண்டு வயதில் வாங்கியிருக்க வேண்டிய உச்சச் சம்பளத்திலிருந்து.

மாமனார் உடனே பிடித்துக்கொண்டார். "இது நம்ம சர்வீஸ் கணக்கு மாதிரில்லம்மா. ஒரு வருஷம் லேட்டா சேந்தா கடைசி இன்கிரிமென்ட் போச்சு, பென்ஷன்லயும் அடி." அவர் அரசாங்க வேலைக்குச் சேர்ந்த தேதியை நாள் கிழமையோடு சொல்லக்கூடியவர். சரி, வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் வேறெங்கோ போயிருந்தது.

மாமனார் சொன்னது

அன்று மதியம் கொல்லைப்பக்கக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். வெளியே பனி உருகித் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் நடந்தது. அவர் பள்ளியில் பிளஸ் டூ படித்த ஒரு பையன், வாலிபால். வீட்டில் நெசவு. உயரம் குதிப்பான், பி.டி. வாத்தியார் பத்துப் பதினைந்து ஊருக்கு அழைத்துப் போயிருக்கிறார். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கிறார்கள் என்று தேர்வுக்குப் போய், வா என்று கடிதமும் வந்துவிட்டது. கடைநிலை வேலை, கலாசி மாதிரி. பையனின் அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் வீட்டு வாசலில் வந்து நின்றார், என்ன செய்யட்டும் சார் என்று.

"நான் என்ன சொன்னேன் தெரியுமாம்மா? இன்னும் ஏழு மாசம்தான், பிளஸ் டூ முடிச்சுட்டா கிளார்க் வேலைக்கே எடுப்பான், அவசரப்படாதீங்கன்னேன். நல்லதுதானே சொன்னேன்? கணக்குப்படி அதுதான் சரி."

அந்த ஏழு மாதத்தில் ஜனவரியில் மண்டல அளவுப் போட்டி. முதல் நாள் பெய்த மழையில் தரை ஊறியிருந்தது. பையன் வலைக்கு மேல் எழும்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினான், முழங்கால் உள்பக்கமாக மடிந்துவிட்டது. மாமனார் தன் கையை முழங்கால்போல வைத்து அது எப்படி மடிந்தது என்று காட்டினார். அப்போதெல்லாம் ஸ்கேனா, அறுவையா, எண்ணெய்க் கட்டுதான் போட்டார்கள். மறுபடி தேர்வுக்குக் கூப்பிட்டபோது ஓட முடியவில்லை. பரீட்சையும் போய்விட்டது. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்தான்.

"நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் சைக்கிள்லதானே போனேன். பஞ்சர்னா அவன் கடைதான் வழியில. எத்தனை தடவை குடுத்துப் பாத்திருக்கேன், காசு வாங்க மாட்டான்மா. சார் கிட்ட வாங்குறதான்னு கும்பிடு போடுவான். ஒரு வார்த்தை அவன் என்னைக் கேட்டதில்ல. அவங்க அப்பாவும் கேட்டதில்ல." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நேத்து நீ யாரோட ஒரு வருஷம்னு கேட்ட. ராத்திரி தூக்கம் வரல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை, தகவல் தெரியாமலும் சொல்லவில்லை. அவர் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை, கடைநிலை வேலைக்குப் பதிலாக எழுத்தர் வேலை. அமெரிக்காவில் அதைத்தான் டிராஃப்ட் ஸ்டாக்கை, அதாவது தேர்வில் தன் மதிப்பை, ஏற்றிக்கொள்வது என்கிறார்கள். ஏறியும் இருக்கலாம். ஆனால் பந்தயத்தில் வைத்தது அவருடைய முழங்கால் இல்லையே. நான் ஈடிக்கு "போ" என்று சொன்னதும் இதே ரகம்தான் என்று எனக்கு அப்போது பட்டது. என் ஏழு வருடக் கோபத்தை எடுத்து ஒரு கனடாப் பையன் தலையில் வைத்து அவன் வாழ்க்கையைத் தீர்மானித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நடந்தது

மாமனார் ஏப்ரலில் ஊருக்குப் போனார். ஈடி டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார், அணிகள் முன்னால் ஆடிக் காட்டினார். காலம் மாறிவிட்டது, உயரம் மட்டும் போதாது, ஓடத் தெரிய வேண்டும், மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து போடத் தெரிய வேண்டும், இவர் இரண்டாம் சுற்று, ஒருவேளை அதுவும் இல்லை என்றுதான் எழுதினார்கள். பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைசி நாளான மே 31 அன்று பர்டியூவுக்கே திரும்புகிறேன் என்று அறிவித்தார். விளம்பரப் பணம் பெரிதாக வராது என்று தெரிந்தேதான்.

நாங்கள் போன் போட்டுச் சொன்னபோது மாமனார் சந்தோஷப்படவில்லை. "ஏன் போகல?" என்றார். மார்ச் மாதம் முடித்துவிட்டுப் போகட்டும் என்று சொன்ன அதே மனிதர். நானோ அதற்குள் அந்தப் பக்கம் நகர்ந்திருந்தேன். இரண்டாம் சுற்றென்றால் உறுதி இல்லை மாமா, இங்கே இன்னும் வளரலாம், அவருக்கே தெரிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2024 எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். மார்ச் 31 டென்னசியோடு டெட்ராய்ட்டில், ஈடி 40 புள்ளி, 1980க்குப் பிறகு முதல் முறையாகப் பர்டியூ கடைசி நால்வரில். எங்கள் வீட்டில் என் கணவர் தரையில் உட்கார்ந்து அழுதார், கல்யாணமாகி நான் பார்த்த இரண்டாவது தடவை. இறுதியில் கனெக்டிகட்டிடம் 75-60 தோல்வி, அதிலும் ஈடி 37. ஜூனில் மெம்ஃபிஸ் ஒன்பதாவது ஆளாக எடுத்தது. முதல் வருடச் சம்பளமே 50 லட்சம் டாலருக்கு மேல். அந்த வருடத்தின் சிறந்த ஐந்து புதியவர்களில் ஒருவர் என்று பெயரும் வாங்கினார்.

பார்த்தாயா, இருந்தது சரியாகிவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் மட்டும் உடன்பாடில்லை. பந்து உள்ளே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்தில் முப்பத்தொன்பது ஆட்டம் ஆடினார், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் அவர் முதுகில் தொங்கினார்கள். ஏதாவது ஒரு இரவு ஒற்றைக் காலில் இறங்கியிருந்தால்? வட கரோலினாவின் ஆர்மாண்டோ பேக்கட் ஐந்து வருடம் இருந்தார், கண்ணியமான ஆட்டக்காரர், 2022 இறுதியாட்டத்தில் கணுக்காலோடு போராடினார், 2024இல் அவரை யாரும் எடுக்கவில்லை. ஷீப்வேயும் திரும்பி வந்து ஒரு வருடம் ஆடிவிட்டுப் போனார், 2023இல் எடுக்கவில்லை. பேக்கட்டுக்கு விளம்பரப் பணம் வந்தது, அதனால் அவர் ஐந்து வருடத்தை வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது கேள்வியே தலைகீழாகிவிட்டது. 2021இல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025இல் 106 பேர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருடம் ஒரு கல்லூரிக்கு மொத்தம் 2.05 கோடி டாலர் வரை. இரண்டாம் சுற்றின் நிச்சயமின்மையைவிடக் கல்லூரியிலேயே கூடுதலாக வருகிறது, அதனால் பையன்கள் இருக்கிறார்கள். விசுவாசம் போய்விட்டது, வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள் என்று பழைய ஆட்கள் புலம்புகிறார்கள். நான்கு கல்லூரியில் நான்கு வருடம் படித்தால் பட்டம் எப்படி முடியும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் பணம் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்த காலத்தை விசுவாசம் என்று பெயர் வைத்துக் கொஞ்ச நான் தயாரில்லை. காத்திருப்புக்கு இப்போதாவது கூலி வருகிறதே. மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு மட்டும் அது இன்னும் இழுபறியாகவே இருக்கிறது.

யாராவது என்னிடம் இப்போது கேட்டால், முதல் சுற்று உறுதி என்றால் போ, படிப்பைப் பின்னால் முடிக்கலாம் என்றுதான் சொல்வேன். அந்த உறுதி இல்லையென்றால் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள், கால் போனால் யார் பார்ப்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு இரு. என் மகனுக்குப் பதினான்கு வயது, பள்ளி அணியில் ஆடுகிறான், டிராஃப்ட் அளவுக்கெல்லாம் இல்லை. ஆனாலும் வரும் வருடங்களில் ஏதாவது ஒன்றில் அவன் வந்து நின்று போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்பான். நான் உடனே பதில் சொல்லிவிடாமல் இருக்க வேண்டும் என்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.

2025 ஜூனில் ஈடிக்குக் கணுக்காலில் அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது மாமனாரிடம் சொன்னேன்.

"எந்தக் காலும்மா?" என்றார்.

"இடது கால் மாமா. நல்லா ஆயிடும்னு சொல்றாங்க. சம்பளம் நிக்காது."

"இடதா," என்றார். "அவனுக்கு வலது."

பின்னால் மாமி யாரிடமோ கேட் சாத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் லைனிலேயே இருந்தார்.